உப்பும் என் மறையுரையும்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமணத் திருப்பலிகளில் ஓர் உவமையைச் சொல்லி வந்திருக்கிறேன். சோடியம் நீர் பட்டாலே சீறியெழும் உலோகம். குளோரினோ மூச்சையடைக்கும் நச்சு வாயு. தனித்தனியே கொடியவையான இவ்விரண்டும் கூடியபோது நாம் உலையிலிடும் உப்பாயின. "தன்னிடமிருந்த ஓர் எலக்ட்ரானைச் சோடியம் மனமுவந்து ஈந்தது, குளோரின் அன்போடு ஏற்றது" என்று முடிப்பேன். பெற்றோர் கண்கலங்கியதும் உண்டு.

சென்ற ஆவணியில் அத்தகைய ஒரு திருமணத்தன்று மாலை, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் எங்கள் உபதேசியாரின் மகள் வேதியியல் புத்தகத்துடன் பங்கு இல்லத்திற்கு வந்தாள். "சாமி, தவறாக நினைக்க வேண்டாம். சோடியம் தானாகக் கொடுப்பதில்லை; பிடுங்கத்தான் வேண்டும்" என்றாள்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு வேதியியல் பள்ளியோடு நின்றுபோன பாடம். ஆயினும் கணக்குப் புரிந்தது. 23 கிராம் சோடிய அணுக்களிலிருந்து அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. 147 நட்டம்! நட்டத்தில் எந்த வியாபாரம் நடக்கும்?

விடை அடுத்த பக்கத்தில் இருந்தது. எலக்ட்ரானை இழந்தது நேர்மின் அயனி, பெற்றது எதிர்மின் அயனி, ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அதுவும் இருவர் மட்டும் கூடும் கூட்டமன்று. உப்புப் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் எதிரின அயனிகள் ஆறு நெருங்கிச் சூழ்கின்றன. அப்படி அடுக்காக அமைகையில் 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. பழைய நட்டம் போக மிச்சம் 640. ஆக, உப்பைத் தாங்குவது ஓர் அணுவின் தாராளமன்று. சூழ்ந்து நிற்கும் கூட்டத்தின் ஈர்ப்பு.

"அப்படியானால் கரியும் இப்படியே கொடுத்துவிடலாமே?" என்று மடக்கினேன். கரியணுவின் வெளிச்சுற்றிலுள்ள நான்கையும் பிடுங்க, 12 கிராமுக்கு 14,000 கிலோஜூலுக்கும் மேல் வேண்டுமாம். எந்த அடுக்கும் அக்கடனை அடைக்காது. ஆகவே அது அண்டை அணுக்களோடு எலக்ட்ரான்களை இணை இணையாகப் பகிர்ந்துகொள்கிறது. வைரம் அப்படி உருவானதே. 1916இல் எலக்ட்ரான் இணைப் பகிர்வைப் பிணைப்பாகக் கண்டவர் அமெரிக்கரான கில்பர்ட் லூயிஸ். அதே ஆண்டில் ஜெர்மானியரான வால்தர் கோசல், எலக்ட்ரான் இடம் மாறும் பிணைப்பை விளக்கினார்.

பகிர்வும் எப்போதும் சரிபாதியன்று. அணுக்களின் இழுக்கும் வலிமைக்கு 1932இல் லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றைய மதிப்பின்படி சோடியம் 0.9, ஹைட்ரஜன் 2.2, குளோரின் 3.2, ஆக்சிஜன் 3.4. நீரில் ஆக்சிஜனே எலக்ட்ரான்களைத் தன் பக்கம் அதிகம் இழுத்துக்கொள்கிறது. முழுக் கொடை, முழுப் பகிர்வு என்று நடுவே மதில் இல்லை, சரிவுதான் உண்டு.

உலோகத்தின் வழி வேறு. செம்பில் வெளிச்சுற்று எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் உரியவையாய் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாய் உலவுகின்றன. அதனால்தான் செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. சம்மட்டியால் அடித்தாலும் செம்பு தகடாகிறதேயன்றி நொறுங்குவதில்லை. அன்றிரவே சமையலறையில் கல்லுப்பை அடித்துப் பார்த்தேன், தெறித்தது. அடி பட்டு அடுக்கு நழுவியதும் ஒரே இன அயனிகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்கின்றன. (தெறித்த உப்பைக் கூட்டிப் பெருக்கிய சமையற்காரரிடம் இந்த விளக்கம் எடுபடவில்லை.)

"மனமுவந்து" என்ற சொல்லை மறையுரைத் தாளில் அடித்துவிட்டேன். தை மாதத்தில் இரண்டு திருமணங்கள் உள்ளன. அதற்குமுன் தாளை அவளிடம் ஒருமுறை காட்டவேண்டும்.