மூன்றாம் இயலில் செய்த பட்டம்

டெல்லி முனிர்க்காவில் ஒரு குறுகலான சந்து. அங்கே மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. தாய் கல்வி வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர். தந்தை ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். மூத்தவன் நான்காம் வகுப்பு, இளையவன் முதல் வகுப்பு. ஆண்டில் மூன்று மாதங்கள் கும்பகோணத்திலிருந்து தந்தையைப் பெற்ற பாட்டி வந்து தங்குவார். சிறுவர்கள் இருவரும் வீட்டுப் பெரியவர்களிடம் தமிழிலும் தங்களுக்குள் இந்தியிலும் பேசிக்கொள்வார்கள். பாட்டிக்கு இந்தி தெரியாது என்பதால், அவ்வீட்டில் அம்மொழியே ஒரு மறைவிடமாகிவிட்டது.

அவர்களுடைய சேட்டைகளுக்கு ஒரு பட்டியல் இட்டால் அதுவே ஒரு பின்னிணைப்பு ஆகும். மே மாத வெயிலில் ஏர் கூலரின் தண்ணீர்த் தொட்டியில் சலவைத்தூளைக் கொட்டி, கூடம் முழுவதும் நுரை வழிய வைத்தார்கள். சிம்லாவைப் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு கிலோ கோதுமை மாவைத் தரையில் பரப்பிப் பனிமலை சமைத்தார்கள். எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டு ஓடி ஒளிந்தார்கள். "அரைக் கிலோ கத்திரிக்காய் கொடு" என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று பாட்டி கேட்டபோது, "பையா, ஆப் பஹுத் சுந்தர் ஹோ" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டி அதை மனப்பாடம் செய்துகொண்டு கீழே இறங்கி, தள்ளுவண்டிக்காரரிடம் "தம்பி, நீ ரொம்ப அழகாக இருக்கிறாய்" என்னும் பொருள்படும் அவ்வாக்கியத்தை இருமுறை உரக்கச் சொன்னார். தள்ளுவண்டிக்காரர் வெட்கப்பட்டு ஒரு பிடி கொத்தமல்லியை இலவசமாகக் கொடுத்தார். கத்திரிக்காய் மட்டும் வந்து சேரவில்லை.

இவையெல்லாம் சிரித்துக் கடக்கக் கூடியவை. ஆகஸ்ட் மாதம் இரண்டாம் வாரத்தில் நடந்தது அவ்வாறு கடக்கக் கூடியதாக இல்லை.

சுதந்திர நாளை ஒட்டி டெல்லியின் மொட்டை மாடிகளில் பட்டங்கள் பறக்கும். "வோ காட்டா!" என்னும் கூவல் மாடிக்கு மாடி தாவும். அந்தச் சனிக்கிழமை சிறுவர்கள் பட்டம் கேட்டார்கள். "அப்பா வந்ததும் வாங்கித் தருவார்" என்று தாய் சொன்னார். அப்பா அன்றும் அலுவலகம் போயிருந்தார். தாய் சமையலை முடித்து, துணிகளை உலர்த்தி, மோட்டார் ஓடும் அரைமணி நேரத்துக்குள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். மேசைமீது ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இல்லை. நெறியாளர் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் திருத்தி, ஓரங்களில் கேள்விகள் எழுதி, முந்தைய நாள்தான் திருப்பிக் கொடுத்திருந்த அச்சுப்படி அது. கணினியில் மூலம் இருந்தது. திருத்தங்களோ அத்தாள்களில் மட்டுமே இருந்தன.

மொட்டை மாடியில் பதினோரு பட்டங்கள் கிடந்தன. விளக்குமாற்றுக் குச்சிகளை வளைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, தையல் நூலில் கட்டியிருந்தார்கள். கனத்த தாள் என்பதால் பத்துப் பட்டங்கள் எழும்பவே இல்லை. ஒன்று மட்டும் சற்று எழும்பி, நூலறுந்து, அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்திருந்தது. மூத்தவன் மகிழ்ச்சியோடு ஓடிவந்து, "அம்மா, ஒண்ணு பறந்துடுச்சு!" என்றான். தாய் அவன் கன்னத்தில் அறைந்தார். முதுகிலும் இரண்டு அடிகள் விழுந்தன. இளையவன் அழவில்லை. சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மூன்றாம் இயல் எதைப் பற்றியது என்பதே இங்குக் கசப்பான செய்தி. அது கிஜுபாய் பதேக்காவைப் பற்றியது. 1885இல் சௌராஷ்டிரத்தில் பிறந்த அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1913இல் மகன் பிறந்த பின்னரே குழந்தைகளின் கல்வியில் அவர் கவனம் திரும்பியது. பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் அங்குப் பால மந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். பிரம்பும் அச்சமும் இல்லாமல் குழந்தை கற்க முடியும் என்பதை நாள்தோறும் செய்து காட்டிய அவரை, குஜராத்தி மக்கள் 'மீசை வைத்த அம்மா' என்று அன்போடு அழைத்தார்கள். அடியின்றிக் குழந்தையை வளர்ப்பது எப்படி என்று எழுபது பக்கங்கள் எழுதிய கைதான் அன்று மொட்டை மாடியில் ஓங்கப்பட்டது.

இரவு தந்தை வந்து செய்தியறிந்து சிரித்தார். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, டென்ஷன் ஆகாதமா. நானும் சின்ன வயசுல இப்படித்தான்" என்றார். அச்சொற்களில் சிறிது பெருமையும் கலந்திருந்தது. பாட்டியும் மகனுக்கு ஒத்து ஊதினார்: "ஊறுகாய் ஜாடியையே ஒடச்சவன்தானே இவன்! கூடம் பூரா எண்ணெய். இவன் அக்காதான் ராத்திரி வரைக்கும் தொடச்சா. பாத்துக்காம எங்கடி போனேன்னு அவளைத்தான் ரெண்டு போட்டேன்." சொல்லி முடித்ததும் பாட்டியின் முகம் மாறியது. நாற்பது ஆண்டுகளாகச் சிரிப்புக் கதையாகச் சொல்லப்பட்டு வந்த அந்நிகழ்ச்சியில், அடி வாங்கிய ஒரு சிறுமி இருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கே கேட்டதுபோல் இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் படுக்கப் போய்விட்டார்.

தமிழ்ச் சிற்றிலக்கிய மரபு இதை வெகு காலத்துக்கு முன்பே பதிவு செய்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்று சிற்றில் பருவம். சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். சிறுவன் வந்து காலால் சிதைப்பான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அப்பருவம் இல்லை. சிதைப்பவன் குறும்பன் என்று கொஞ்சப்படுகிறான். சிதைந்ததை மறுபடி கட்டுபவர்களின் கைவலியைப் பாட்டுடைத் தலைவனின் பெருமை மூடிவிடுகிறது. குறும்பு என்ற சொல்லின் இனிமைக்கு எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணியளவில் கூடத்திலிருந்து தாளம் தப்பாத ஓர் ஓசை வந்தது. இளையவன் வீட்டிலுள்ள தலையணைகள் அனைத்தையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தான். பாட்டியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் தோசைத் திருப்பியோடு நின்றான். "எத்தன தடவ சொல்றது? என் பேப்பர்ல கை வெக்காதே! வெக்காதே!" என்று ஒவ்வொரு தலையணைக்கும் அடி கொடுத்தான். மூத்தவன் சோபாவில் கால் நீட்டிப் படுத்து, தொலைக்காட்சி ரிமோட்டைக் கைபேசியாகப் பாவித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தான். தலையை உயர்த்தாமலே, "டென்ஷன் ஆகாதமா, பசங்கன்னா அப்படித்தான்" என்றான்.

பாட்டி முதலில் சிரித்தார். பிறகு சமையலறை வாசலில் நின்ற மருமகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குளித்துவிட்டு வந்த தந்தை ஈரத்துண்டோடு அங்கேயே நின்றார். அவ்வீட்டின் ஏற்பாடு முழுவதும், ஒருவர் ஓயாது உழைத்துக் களைத்துக் கை ஓங்குவதும், மற்றொருவர் படுத்துக்கொண்டே பெருந்தன்மை காட்டுவதும், இரண்டு நிமிட நாடகமாக நடித்துக் காட்டப்பட்டுவிட்டது.

ரவீந்திரநாத் தாகூர் 1912இல் நூலாக வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில் இதே விளையாட்டைக் குறிப்பிடுகிறார். சிறுவனாக இருந்தபோது, வீட்டுத் தாழ்வாரத்தின் மரக்கம்பிகளையே மாணவர்களாகக் கொண்டு, கையில் பிரம்போடு வகுப்பு நடத்தியவர் அவர். அக்கம்பிகளில் நல்ல மாணவரும் உண்டு, கெட்ட மாணவரும் உண்டு. கெட்ட கம்பிகளுக்கு அடி ஓயாது. ஆசிரியர்கள் கற்பித்த பாடத்தைவிட, அவர்களுடைய பொறுமையின்மையும் நடுவுநிலை தவறிய போக்கும் தமக்கு எளிதில் வந்துவிட்டன என்பது பிற்காலத்தில் அவர் கண்ட உண்மை. தம் கையில் அகப்பட்டவை உயிரற்ற கம்பிகளாக இருந்ததையும் அவர் நன்றியோடு எண்ணிப் பார்க்கிறார். முனிர்க்கா வீட்டில் அவை தலையணைகள். ஆனால் தலையணைகள் எப்போதும் தலையணைகளாகவே இருந்துவிடுவதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் குழந்தையை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டின் வாசற்படி அப்பிரிவுக்கு வெளியே இருக்கிறது. வாசற்படிக்கு உள்ளே ஒரு கை ஓங்கப்படுவதற்குக் கொடுமை மட்டுமே காரணமன்று. பெரும்பாலும் களைப்பும் காரணமாகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதற்கு ஓர் அளவு தருகிறது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டவை 97 நிமிடங்கள். குடும்பத்தாரைப் பேணும் பணியில் இது முறையே 134, 76 நிமிடங்கள். ஒருவருக்குக் குறும்பாகத் தெரிவது இன்னொருவருக்குக் கூடுதல் வேலையாக ஏன் தெரிகிறது என்பதை இவ்வெண்கள் ஓரளவு விளக்கும். களைப்பு அடியை விளக்குகிறது. ஆனால் அதை நியாயமாக்கிவிடாது. அந்த வேறுபாட்டைத் தாய் அறிந்தே இருந்தார்.

அன்று மாலை அவர் மூத்தவனை அருகில் அழைத்து, "நேத்து நான் அடிச்சது தப்புடா கண்ணா" என்றார். அவன் உடனே மன்னிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்த மீசை வெச்ச அம்மா அடிக்கவே மாட்டாருன்னு நீதானே சொன்ன?" என்று கேட்டான். தூங்கப் போகும் வேளைகளில் தாய் சொல்லும் கதைகளில் கிஜுபாயும் வருவதுண்டு.

"அவர் எழுதின கதையில ஒரு வாத்தியார் வருவாரே, அவரும் முதல் நாள் தோத்துத்தான் போனார்" என்றார் தாய்.

'திவாஸ்வப்னா' என்னும் அக்கதையின் ஆசிரியர் நான்காம் வகுப்பில் புதுமுறைக் கல்வியைச் சோதிக்க விரும்புகிறார். முதல் நாள் மௌன விளையாட்டு ஒன்றை நடத்த முயல்கிறார்; வகுப்பே கூச்சலில் மூழ்குகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார், பிள்ளைகள் அமைதியாகிறார்கள். மூத்தவனும் நான்காம் வகுப்பு என்பதால் அக்கதைமீது அவனுக்குத் தனி உரிமை உண்டு. "அப்போ இன்னிக்கு உனக்கு ரெண்டாவது நாளா?" என்று கேட்டான். தாய் தலையசைத்தார். தாள்களை எடுத்ததற்கு அவனும் மன்னிப்புக் கேட்டான். "ஆனா ஒண்ணு நெஜமாவே பறந்துச்சும்மா" என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு தலைகீழாக மாறிவிடவில்லை. தந்தை வார நாள்களில் இரவுச் சமையல் பாத்திரங்களையும் ஞாயிறு முழுவதும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டார். முதல் ஞாயிறு மாலை, பகல் முழுவதும் ஓடிய களைப்பில் அவரும் கத்தினார். பசங்கன்னா அப்படித்தான் என்னும் வாக்கியம் அதன்பின் அவர் வாயிலிருந்து வரவில்லை. சிதறியதைச் சிதறியவரே துடைப்பது என்று ஒரு விதி வந்தது. இளையவன் துடைக்கும்போது தண்ணீரை மேலும் சிதறடிப்பதால், அவ்விதிக்குத் துணைவிதி ஒன்று தேவைப்படுகிறது. பாட்டி ஒருநாள் கும்பகோணத்திலிருக்கும் மகளைக் கைபேசியில் அழைத்து வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். என்ன பேசினார் என்பதை யாரும் கேட்கவில்லை.

சுதந்திர நாளன்று தந்தை கடையிலிருந்து மெல்லிய தாளில் செய்த வண்ணப் பட்டங்களை வாங்கி வந்தார். அதற்குள் மூத்தவன் அடுத்த கட்டடத்துக் காவலரிடம் கெஞ்சி, தண்ணீர்த் தொட்டியின்மேல் கிடந்த பட்டத்தையும் மீட்டிருந்தான். மற்ற பத்தையும் ஈரத்துணியால் நனைத்து, குச்சி நீக்கி, உலர்த்தி, பெரும்பாலான திருத்தங்களைத் தாய் படித்தெடுத்துவிட்டார். பறந்த பட்டத்தை மட்டும் பிரிக்கவில்லை. அது இப்போது அவருடைய மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. குழந்தை சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்தே கற்கிறது என்னும் வாக்கியம் அதில் மடிப்பின் நடுவே இருக்கிறது. பக்கத்தில் நெறியாளரின் சிவப்பு மையில், "சான்று எங்கே?"

அவ்விடத்தில் இன்னும் அடிக்குறிப்பு இடப்படவில்லை.