பரலோக மந்திரத்தின் வால்

மாமியார் வீட்டில் ராத்திரி ஜெபம். பரமண்டல ஜெபத்தின் நடுவிலேயே என் மகள் சத்தமாக "ஆமென்" போட்டுவிட்டு முறுக்கைக் கடித்தாள். மற்றவர்களுக்கு ராஜ்யம், வல்லமை, மகிமை என்று ஒரு வால் பாக்கி இருந்தது. வீடே சிரித்தது. வானூர் வந்து சேர்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்: "நம்ம செபத்துல மட்டும் ஏம்ப்பா கடைசி இல்ல?"

நாங்கள் ஆர்.சி., மனைவி வீடு சி.எஸ்.ஐ. கோவில், சர்ச்; பூசை, ஆராதனை; சாமியார், ஐயர்; மாதா அங்கே கிடையாது. இதெல்லாம் எட்டு வயதுக்குள் அவளுக்கே பிடிபட்டுவிட்டது. வால்தான் உறுத்தியது. "லுத்தர்காரன் ஒட்டவச்சதுடா" என்பார் என் ஆயா. மச்சானைக் கேட்டால், "நீங்க வெட்டுனது மாமா."

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார் இருக்கிறார். சிறுவயதில் எனக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். அவரும் லுத்தரைத்தான் கைகாட்டினார். சரி என்று லுத்தர் 1529இல் பிள்ளைகளுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் வால் இல்லை! ஆயாவின் குற்றவாளி கைநழுவிப் போனார்.

மச்சான் கட்சியும் நிற்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் மத்தேயு இந்த வால் இல்லாமல்தான் இருக்கிறது. ஆனால் 'திதாக்கே' என்ற ஆதிச் சபை நூலில் இருக்கிறது. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் பிரையென்னியோஸ் என்ற கிரேக்க ஆயர் கண்டெடுத்த நூல் அது. அங்கே வல்லமையும் மகிமையும் உண்டு; ராஜ்யம் இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்துத் திண்டிவனத்திலிருந்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, வாலை அடைப்புக்குறிக்குள் நிறுத்தியிருக்கிறது.

இத்தனையையும் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிரேக்கன் எதையோ எழுதிட்டுப் போறான். நான் சொல்லிக்குடுத்ததுல வால் கெடையாது."

"பூசையில சொல்றோமே ஐயா? சாமியார் நடுவுல ஒரு மன்றாட்டு சொன்னதும், சனமெல்லாம் ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்னு..."

வெற்றிலை அப்படியே நின்றது. "அது பூசை. செபம் வேற."

பிடிவாதத்தில் சொன்னாரோ என்னவோ, விடை அதில்தான் இருந்தது. கூடி வழிபட்ட சனம் செபத்தை முடிக்கச் சொன்ன துதி அது. பிரதி எடுத்தவர்கள் கைவழியாகச் சுவிசேஷத்துக்குள் போய்விட்டது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் சொல்வது. லத்தீன் பைபிள் வழிவந்த நமக்கு அது வரவில்லை. எராஸ்முஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் பாடத்தில் இருந்ததால் சீர்திருத்தக்காரர்களின் பைபிள்களில் ஏறிக்கொண்டது. 1969இல் திருத்திய பூசை ஒழுங்கில் நமக்கும் வந்தது, கொஞ்சம் தள்ளி.

அந்த ஞாயிறு பூசையில் அந்த இடம் வந்ததும் மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

அடுத்த மாதம் மாமியார் வீட்டில் வால் முடியும்வரை முறுக்கு அவள் கையிலேயே இருந்தது. முடிந்ததும் மச்சானிடம் திரும்பினாள்: "மாமா, லுத்தர் புக்குலயே இது இல்ல, தெரியுமா?"