சாங்கி விமான நிலையமும் நமது தாயாரும்

ஜொகூரில் ஒரு தோட்டத்திலே கிராணி உத்தியோகம் பார்த்து வரும் நமக்கு, சில காலத்திற்கு முன் நமது தாயாரைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை அடைந்தபோது இன்னும் பொழுது புலரவில்லை. தாயார் எழுபது வயதைக் கடந்தவர். முப்பதாண்டு பால்மரம் சீவியவர். முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன.

இச்சிறு தீவு விமானத்திற்கு இடம் தேடிய வரலாறு வியக்கத்தக்கது. 1937 ஜூன் 12-ல் காலாங்கில் திறக்கப்பட்ட நிலையம் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு மேடாக்கி அமைத்ததாகும். போருக்குப் பின் அது போதாமற்போகவே, 1955-ல் பாய லேபாரில் வேறொன்று எழுந்தது. அதையும் நகரம் வளர்ந்து நெருக்கிற்று. நிலம் இல்லையேல் கடல் இருக்கிறதே என்று துணிந்தார்கள் போலும்! சாங்கிக் கரையிலே கடலைத் தூர்த்து நிலமாக்கி, 1981 ஜூலை 1-ல் புது நிலையத்தைத் திறந்தார்கள். இன்று அங்கே நான்கு முனையங்கள். 2019-ல் திறந்த ஜுவல் மாளிகையில் 40 மீட்டர் உயரத்தினின்று நீர் வீழ்கிறது. அறுபது லட்சம் மக்கள் வாழும் தீவின் இந்நிலையத்தை 2024-ல் பயன்படுத்திய பயணிகள் 6 கோடியே 77 லட்சம். அதுவும் போதாதென்று 2025 மே மாதத்தில் ஐந்தாம் முனையத்திற்கு அடிகோலினார்கள்.

இவற்றையெல்லாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த பெருமிதத்தோடு தாயாருக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டாரில்லை. அவர் கண்கள் ஒரு சக்கர நாற்காலியின்மேல் இருந்தன. நடக்க இயலாதவர் வருவதாக முன்னரே அறிவித்துவிட்டால், சீட்டுக் காட்டும் இடத்திலிருந்து விமான வாயில் வரை ஓர் ஆள் தள்ளிச் செல்வார், நாம் அறிவித்திருந்தோம்.

“தம்பி, இதுல நான் உட்காரலாமா? யாரும் ஏச மாட்டாங்களா?” என்றார் தாயார்.

நாற்காலி தள்ள வந்த நடுவயதுத் தமிழர் குனிந்து, தாயாரின் முகத்துக்கு நேரே தம் முகத்தை வைத்து, “உட்காருங்கம்மா, உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன்” என்றார். தாயார் நம்மைப் பார்த்தார். நாம் தலையசைத்த பின்னரே அமர்ந்தார்.

நமது பாட்டி கப்பலில் தளப் பயணியாய் வந்து, இதே சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலே நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். வெயிலில் வரிசையாக நிறுத்தி மருந்து நீர் தெளித்ததைச் சாகும்வரை சொல்லுவார். அவர் மகள் பளிங்குத் தரையில் ஓசையின்றி உருண்டு போவதைப் பின்தொடர்ந்து நடந்தோம். குடிநுழைவுச் சோதனையிலும் காத்திருக்க வைக்கவில்லை. விமானத்திலும் அவரையே முதலில் ஏற்றினார்கள்.

இருக்கையில் அமர்ந்ததும் தாயார் மெல்லச் சொன்னார்: “பெரட்டுலயும் நின்னேன், ஆபீஸ் சன்னல்லயும் நின்னேன். ஒரு கிராணியாராவது உட்காருன்னு சொன்னதில்லை.”

நாம் இடுப்புப் பட்டையை மாட்டுவதில் மும்முரமானோம். பன்னிரண்டு ஆண்டுகளாக நமது சன்னலுக்கு வெளியே நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

ஊர் திரும்பிய பின் வந்த சம்பளச் சீட்டு நாளன்று, ஆபீஸ் சன்னலண்டை இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்தோம். ஒருவரும் உட்காரவில்லை. கிழவர் ஒருவர் மட்டும் தம் தொப்பியைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.