தாடிக்கொம்பில் பார்த்த கப்பல்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற சாலையில், குடகனாற்றங்கரையில் இருக்கிறது தாடிக்கொம்பு. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தாயார் சந்நிதியின் முன்மண்டபத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரணியனை வதம் செய்யும் நரசிம்மர், ஊர்த்துவ தாண்டவர், ரதி, மன்மதன்... ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பாருங்கள்!

நாங்கள் போனது சுதந்திர தின விடுமுறையில். கோயிலிலிருந்து திரும்பினால் டி.வி.யில் 'கப்பலோட்டிய தமிழன்'. 1961-ல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். வ.உ.சி.யாக சிவாஜி, பாரதியாக எஸ்.வி. சுப்பையா. தூத்துக்குடியில் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை. ஜி. ராமநாதன் இசையில் பாடல்களெல்லாம் பாரதியாருடையவை. ஜெமினியும் சாவித்திரியும் பாடும் காதல் பாட்டுகூட அவர் எழுதியதுதான்! பாரதியின் பாடல்களை 1949-ல் அரசாங்கம் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தது. இத்தனை இருந்தும் படம் வசூலாகவில்லையாம்.

நாத்தனாரின் மாமியார் முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தார். டி.கே. சண்முகம் வந்ததும் கை நின்றது.

"ஏத்தா, இந்த சிவா யாருன்னு தெரியுமா? நம்ம வத்தலக்குண்டுக்காரரு!"

1884-ல் அங்கே பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908-ல் வ.உ.சி.யோடு கைதானார். பத்து வருஷத் தண்டனை, அப்பீலில் ஆறானது. வ.உ.சி. சிறைக் கதவைத் தாண்டி வெளியே வருகிற கட்டம் வந்தது. ஊர்வலம் இல்லை, மாலை இல்லை. நோயில் உருமாறிப் போன ஒருவர்தான் காத்து நிற்கிறார். அது சிவா. என் பெரியவள், "அம்மா, அவங்களுக்கு என்ன?" என்றாள். "தொழுநோய்" என்றேன். "தொட்டா ஒட்டிக்குமா?"

இதைத்தான் அன்றைக்குப் பெரியவர்களும் கேட்டார்கள். சிறையிலிருந்து நோயோடு வந்தவரை ரயிலில் ஏறக்கூடாதென்றார்கள். நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அப்போது மருந்து கிடையாது. இப்போது உண்டு. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை வந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். தொட்டாலே ஒட்டிக்கொள்கிற நோயும் அல்ல. மகளுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிட்டது.

மறுநாள் காலை, "அவர் ஊருக்குப் போகணும்" என்று அவளே நச்சரித்தாள். திண்டுக்கல் வந்து பஸ் மாறி, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு. எதிரே கொடைக்கானல் மலை, வழியெல்லாம் தென்னந்தோப்பு. பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என்று எழுத்தாளர்களைத் தந்த ஊரும் இதுதான். கொடைக்கானல் போகிறவர்கள் இங்கே இறங்கிக் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிவா திரும்பி வந்து இங்கே ஓய்வெடுக்கவில்லை. தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப நிலம் வாங்கினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925-ல், நாற்பத்தொன்று நிறையுமுன், அதே ஊரில் சிவா கண்ணை மூடினார். அவர் நினைத்த பாரத மாதா நினைவாலயத்தை அங்கே அரசு கட்டித் திறந்தது 2021-ல்.