பெயரும் அமானிதமே

இராமநாதபுரத்தில் என் அத்தா மிளகாய் மண்டி நடத்தி வந்தார். வெளியூர் வற்றலை 'இராமநாதபுரம் முண்டு' என்று சாக்கின்மேல் எழுதி அனுப்பினால் கூடுதல் விலை தருவதாக ஒரு வணிகர் கூறினார். "ஊர்ப்பெயரும் அமானிதம்தான் தம்பி" என்று மறுத்துவிட்டார் அத்தா. அவ்வாண்டுப் பெருநாளுக்கு எங்களுக்குப் புத்தாடை இல்லை.

உருண்டு திரண்ட, தோல் தடித்த அம்மிளகாய் வானம் பார்த்த பூமியின் விளைச்சல். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 2023இல் அதன் பெயர் பதிவாயிற்று. அன்று அத்தா காத்த பெயருக்கு இன்று சட்டமே காவல். ஆயினும், அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையாளராக உழவரும் தனியே பதிவு செய்துகொண்டால்தான் அதன் முழுப்பயன் அவரைச் சேரும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர் உழவர் அதற்கு விண்ணப்பிக்கத் துணை நில்லுங்கள். கற்றதனால் ஆய பயன்களுள் அதுவும் ஒன்று.