ஏன் நிறுத்தினாங்கன்னு ஓனர் சொல்லலாமா?

குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சா லாட்ஜ், ஹோட்டல்னு எல்லா இடத்துலயும் ஆள் எடுப்பாங்க. சாரல் நின்னா பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அது வழக்கம். ஆனா சீசன் நடுவுல ஒருத்தரை நிறுத்தினா தென்காசி வரைக்கும் ஒரே கேள்வி, "ஏன் நிறுத்தினாங்க?"

அதுக்கு ஓனர் சொல்ற பதில்ல அவரோட உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. "இன்னைலருந்து இன்னைவரை வேலை பார்த்தாரு, இப்ப இல்லை." அவ்வளவு போதும்.

பம்பாய்ல ஒரு பொதுத்துறை நிறுவனத்துல ஒரு தற்காலிகத் தொழிலாளி. எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சதும் பேரை லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்க. மத்தபடி மனுஷன் தெம்பாத்தான் இருந்தாரு. 1997-ல பம்பாய் ஹைகோர்ட் சொல்லிச்சு: வேலை செய்ய முடியுது, கூட இருக்கிறவங்களுக்கு ஆபத்தில்லைன்னா, எச்.ஐ.வி.-யைக் காட்டி வேலை மறுக்க முடியாது.

தீர்ப்புல அவர் பேரு எம்.எக்ஸ்., நிறுவனத்தோட பேரு இசட்.ஒய். பேர் வெளியே வராம வழக்கு நடத்த கோர்ட்டே அனுமதிச்சது. எனக்கு அந்தத் தீர்ப்புல ரொம்பப் பிடிச்சது இதுதான். வேலைக்காக கோர்ட்டுக்குப் போனவர், ஊர் வாயில விழாம ஜெயிச்சாரு.

இப்போ தனிச் சட்டமே இருக்கு. 2017-ல வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் அமல். வேலைக்கு எடுக்க எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக் கூடாது. நம்பிச் சொன்ன விஷயத்தைச் சம்மதம் இல்லாம வெளியே சொல்லக் கூடாது.

சுகர், வலிப்பு, மனச்சோர்வுக்கெல்லாம் ஓனர் வாயைக் கட்ட இவ்வளவு தெளிவான சட்டம் இல்லை. எங்க டாக்டர்களுக்கு நோயாளி ரகசியம் காக்கணும்னு விதி இருக்கு, ஓனருக்கு அது பொருந்தாது. அதனால விஷயம் அவர் கைக்கே போகாம பாத்துக்கோங்க.

ஹோட்டல் கிச்சன்ல இருக்கிறவங்களுக்கு உணவுப் பாதுகாப்பு விதிப்படி வருஷா வருஷம் மெடிக்கல் சர்டிபிகேட் வேணும். அதுல கேட்கிறது தொற்றுநோய் இல்லை, வேலைக்குத் தகுதின்னு மட்டும்தான். (சாப்பாடு வழியா எச்.ஐ.வி. பரவாது, இன்னும் கேட்கிறாங்க!) அந்த ஒரு தாளை மட்டும் ஆபீஸ்ல குடுங்க. லேப் ரிப்போர்ட் உங்ககிட்டயே இருக்கட்டும். மேனேஜர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னா, முடியாதுன்னு டாக்டர்கிட்டயே சொல்லச் சொல்லுங்க. நாங்க சொல்லுவோம்.

ஏற்கெனவே வெளியே சொல்லிட்டாங்களா? எச்.ஐ.வி.-ன்னா 1097, இல்லைன்னா அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையம். எந்த நோயா இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு 15100.