அட்டவணையின் இரண்டாம் பகுதி

இலங்கை மத்திய வங்கி மாதாமாதம் ஒரு அட்டவணை வெளியிடுகிறது. செய்தியில் வருவது அதின்ர முதல் வரி மட்டும்தான்: வெளிநாட்டு ஒதுக்கு இத்தனை பில்லியன் டொலர். கீழே இறங்கிப் போனால் இரண்டாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு வெளியே போகப்போகுது என்பதை அதில் முன்கூட்டியே எழுதியிருப்பார்கள். ஒரு மாதத்துக்குள் இவ்வளவு, மூன்று மாதத்துக்குள் இவ்வளவு, ஒரு வருடத்துக்குள் இவ்வளவு. கடன் முதல், வட்டி, பரிமாற்றத்தில் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டியது எல்லாம் காலவாரியாக. ஒப்படை ஒன்றுக்காகத் தேடப்போய்த்தான் இதைக் கண்டன்.

புளியங்குளத்தில் இதை விளங்கப்படுத்துவது பெரிய கஷ்டமில்லை. நெல்லு வித்த காசு வீட்டுக்கு வரும். வந்த அண்டைக்கே அதில் உழவு மெசின்காரருக்கு ஒரு பங்கு, மருந்துக் கடைக் கடனுக்கு ஒரு பங்கு, அடகு நகைக்கு ஒரு பங்கு, சீட்டுக்கு ஒரு பங்கு. அம்மா ஒருநாளும் 'எங்களிட்ட இவ்வளவு இருக்கு' என்று சொல்லமாட்டா. 'எல்லாம் போக என்ன மிஞ்சும்' என்றுதான் கேட்பா.

2021 நவம்பர் முடிவில் நாட்டின் ஒதுக்கு ஏறத்தாழ 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் இரட்டிப்பு! நடந்தது இதுதான்: சீன மத்திய வங்கியுடன் செய்திருந்த 10 பில்லியன் யுவான் பரிமாற்றத்தை, அதாவது ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலரை, கணக்கில் சேர்த்தார்கள். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு இருந்தால்தான் அந்தப் பணத்தைத் தொடலாம் என்ற நிபந்தனை பிறகு ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க சொல்லித்தான் வெளியில் தெரிந்தது. தேவையில்லாத நேரத்தில் மட்டும் எடுக்கக்கூடிய காசு. கலியாணவீட்டுக்கு இரவல் வாங்கின சங்கிலியை எங்கட நகைக் கணக்கில் சேர்த்த மாதிரி.

அடுத்த மாதம், 2022 ஜனவரி 18, 500 மில்லியன் டொலர் முறி ஒன்று முதிர்ந்தது. கட்டவேண்டாம், கடன்காரரோடு பேசுங்கள், அந்த டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் கேட்டார்கள். கட்டினார்கள். மாத முடிவில் ஒதுக்கு 2.36 பில்லியன், அதுவும் யுவானோடு சேர்த்து.

கட்டாவிட்டால் பிறகு ஆரும் கடன் தரமாட்டினம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனா ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை எப்படியும் நிறுத்தினார்கள். 500 மில்லியனும் போச்சு, பேரும் போச்சு. மே 4 நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார்.

அந்த நாட்களில் அப்பா மண்ணெண்ணெய்க் கானோடு ஏ9 வீதியோரம் விடியப்புறமே போய் நிப்பார். மண்ணெண்ணெய் இல்லாட்டி தோட்டத்துப் பம்ப் ஓடாது. சில நாள் வெறும் கானோடு வருவார். மிளகாய்க் கன்றுகள் எங்கட கண்ணுக்கு முன்னால வாடிச்சுது. அம்மம்மா மட்டும் பதறேல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார்சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள் என்பா. அப்ப மறித்தவன் ஆரென்று தெரியும். 2022இல் ஆரும் தடை போடேல்லை, கப்பலுக்குக் கட்ட டொலர்தான் இல்லை.

இந்த அட்டவணையே இன்னொரு நாட்டின்ர அடியில் இருந்து பிறந்தது. 1997இல் தாய்லாந்திடம் 30 பில்லியன் டொலருக்கு மேல் இருப்பதாக வெளியில் காட்டியது. உள்ளே, 23 பில்லியனுக்கு மேல் முன்னோக்கு ஒப்பந்தங்களில் ஏற்கெனவே கொடுப்பதாக ஒத்துக்கொண்ட பணம். பாத் விழுந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. மே மாதம் பாத்தின் மீது பெரிய தாக்குதல் நடந்த அதே கிழமை, வவுனியாவில் இருந்து எங்கட ஊர்ப்பக்கமாக ஜெயசிக்குறு தொடங்கியது. எங்கட ஊரில் 1997 என்றால் ஆருக்கும் பாத் ஞாபகம் வராது. அந்த நெருக்கடிக்குப் பிறகு, 1999இல் சர்வதேச நாணய நிதியம் இந்த இரண்டாம் பகுதியைக் கொண்டுவந்தது.

நல்ல வேலைதான். ஆனா எனக்கு ஒன்று உறுத்துது. இந்தப் பகுதியில் இடம்பிடிக்க ஒப்பந்தமும் திகதியும் வேணும். முறி வைத்திருப்பவரிட்ட அது இருக்கு. அப்பாவின்ர கானுக்கு இல்லை, ஆஸ்பத்திரி மருந்துக்கு இல்லை. அளவுகோல் என்றளவில் அதைக் குறை சொல்ல ஏலாது. ஆனா திகதி போட்டவனுக்கு முதலில், மிச்சம் இருந்தால் சனத்துக்கு என்று முடிவெடுத்தது அட்டவணை இல்லை. கொழும்பில் இருந்த ஆக்கள்.

இப்ப கதை மாறியிருக்கு என்கிறார்கள். 2024 ஜூனில் கடன் தந்த நாடுகளோடு உடன்பாடு வந்தது, டிசம்பரில் பழைய முறிகளை மாற்றினார்கள். அந்த வருட முடிவில் ஒதுக்கு 6.1 பில்லியன். யுவான் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு. அந்த நாடுகளுக்கான முதலைக் கட்டுவது 2028 வரை தள்ளிப்போடப்பட்டிருக்கு. 2028இல் கட்டவேண்டியது 2027இலேயே 'ஒரு வருடத்துக்குள்' என்ற நிரலில் ஏறத் தொடங்கும். முதல் வரியை அப்பவும் செய்தியில் வாசிப்பினம். நீங்கள் ஒருக்கா அந்த நிரலைத் திறந்து பாருங்கோ.